கிளை வளாகம் என்றால் மட்டமான பட்டமா?

"மருத்துவக் கல்லூரியின் கிளை வளாகத்தில் சேர்ந்தால் டிகிரியே மட்டம், ரெசிடென்சிக்கு (பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் சிறப்புத் துறைப் பயிற்சி) யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்" என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அமெரிக்க எம்.டி. கல்லூரிகளைப் பொறுத்தவரை (அங்கே எம்.டி. என்பதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) இது தவறு. இந்தக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் அமைப்பான எல்.சி.எம்.இ. அங்கீகாரம் தருவது முழுக் கல்லூரிக்கு, வளாகம் வளாகமாக அல்ல. எந்த வளாகத்தில் படித்தாலும் கற்பித்தலும் மதிப்பீட்டு முறையும் ஈடாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. இந்தியானா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு 9 வளாகங்கள், பட்டம் ஒன்றுதான்.

அப்போ வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். பெரிய வளாகத்தின் அறுவை அரங்கில் ரெசிடென்ட் (ரெசிடென்சியில் இருக்கும் மருத்துவர்), ஃபெலோ (அதையும் முடித்து மேற்பயிற்சி பெறுபவர்) எல்லோருக்கும் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். கிளை வளாக மாணவர்கள் போகும், ரெசிடென்ட் இல்லாத சிறிய மருத்துவமனையில் ரிட்ராக்டரை (வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் கருவி) பிடிப்பதும், கடைசியில் தோலுக்குத் தையல் போடுவதும் பல நேரம் மாணவர் கைதான். ஆனால் தோல் மருத்துவம், நரம்பு அறுவை மாதிரி போட்டி அதிகமுள்ள துறைதான் வேண்டும் என்றால், அந்தத் துறையும் ஆராய்ச்சிக் கூடமும் பெரும்பாலும் தலைமை வளாகத்தில்தான் இருக்கும், பரிந்துரைக் கடிதத்துக்கு அங்கே போய்த்தான் ஆக வேண்டும். 3ஆம் ஆண்டு ரொட்டேஷன் (மருத்துவமனையில் துறை துறையாகச் சுற்றிப் பெறும் பயிற்சி) எங்கே, இடையில் வளாகம் மாற விடுவார்களா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.