வியட்நாம்: வாசல் திறந்திருக்கிறது, ஆனால்...

வியட்நாம் பங்குச்சந்தையில் முதலீடு செய்யச் சொல்லும் ஒரு கட்டுரையைப் படித்தேன். 'அடுத்த சீனா வியட்நாம்தான், இப்போதே நுழையுங்கள்' என்று கட்டுரையாளர் உற்சாகமாக முடித்திருக்கிறார். பங்குக் குறியீடுகளைத் தயாரிக்கும் எஃப்டிஎஸ்இ ரசல் நிறுவனம் 2025 அக்டோபரில் அந்த நாட்டை ஃபிரான்டியர் (வளரும் சந்தைக்கு ஒரு படி கீழே உள்ள) பட்டியலிலிருந்து வளரும் சந்தைக்கு உயர்த்துவதாக அறிவித்தது உண்மைதான். ஆனால் ஒரு நிறுவனத்தில் வெளிநாட்டவர் எவ்வளவு பங்கு வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? வங்கிப் பங்குகளில் பொதுவாக 30 சதவீதம்தான் வெளிநாட்டவர் வைத்திருக்கலாம். வரம்பு நிரம்பிவிட்டால் இன்னொரு வெளிநாட்டவரிடமிருந்துதான் வாங்க வேண்டும், அதுவும் சந்தை விலைக்கு மேல் கொடுத்து. வியட்நாமின் தொழில்நுட்ப நிறுவனமான எஃப்பிடி பங்கில் பல ஆண்டுகள் இதுதான் நிலையாக இருந்தது. திரையில் தெரியும் விலை உள்ளூர்க்காரருக்கு. நமக்கு வேறு விலை!

அரசியலையும் ஒரே பத்தியில் தாண்டிவிட்டார். 2025 ஏப்ரலில் வியட்நாமிலிருந்து அமெரிக்காவுக்கு வரும் சரக்குக்கு டிரம்ப் 46 சதவீத வரி என்றதும் ஹோ சி மின் நகரப் பங்குச்சந்தைக் குறியீடு ஒரே நாளில் 6 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. பிறகு அதே ஆண்டில் வரி 20 சதவீதம் ஆனது. ஆனால் வேறு நாட்டிலிருந்து வந்து வியட்நாம் வழியாகப் போகும் சரக்குக்கு 40 என்று அப்போது அறிவிக்கப்பட்டது. சீன உதிரிபாகங்களை ஒன்றாகப் பொருத்தி அனுப்பும் தொழிற்சாலைகள் எந்தக் கணக்கில் வரும்? பங்கு வாங்குவதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கட்டுரையாளர் பதில் எழுதினால் நன்றாயிருக்கும்.