மழை மாசத்தில் மலையை விடாதீங்க, உச்சியை விட்டுடலாம்

ஐப்பசி பிறந்ததும் எங்கள் நடைக் கூட்டத்தில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். "மழை விடட்டும், தை மாசம் பாக்கலாம்" என்பார்கள். ஆனால் நம்ம குமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை வருகிறது. ஆனி, ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. இரண்டுக்கும் வீட்டிலேயே இருந்தால் வருசத்தில் பாதி போச்சு.

இந்த வருசம் மருந்துவாழ் மலையில் 40 தடவை ஏறுவது என்று ஜனவரியில் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். செப்டம்பர் முடியும்போது 31 ஆகியிருந்தது. மீதி 9ம் மழை மாசங்களில்.

போன வருசமும் இதே மாதிரி ஒரு கணக்கு இருந்தது. கார்த்திகையில் ஒரு நாள் தூறலோடு ஏறினேன். எண்ணிக்கை குறையக் கூடாது என்ற ஒரே நினைப்பு. கீழே படி இருக்கிறது, பயமில்லை. மேலே போகப் போகப் பாறைதான். இறங்கும்போது நிழல் பக்கம் கறுத்துக் கிடந்த ஒரு பாறையில் கால் வைத்தேன். அது பாசி. கணுக்கால் பிசகிவிட்டது. எண்ணெய் போட்டுத் தடவிய வர்ம ஆசான் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மழையில என்ன அவசரம் மக்களே?" பதில் சொல்ல முடியவில்லை. கால் 3 வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் விட்ட நடையைத் திரும்பப் பிடிக்க 4 மாசம் ஆனது. உண்மையான நஷ்டம் அதுதான்.

அதனால் இந்த வருசம் கணக்கையே மாற்றிவிட்டேன். மழைக்காலத்தில் உச்சியை எண்ணுவதில்லை, மலைக்குப் போன நாட்களைத்தான் எண்ணுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை அடிவாரத்தில் நின்று மேலே பார்ப்பேன். பாறை காய்ந்திருந்தால் உச்சி. ஈரமாக இருந்தால் படி முடிகிற இடம் வரைக்கும். அதையும் நோட்டில் எழுதுவேன், பக்கத்தில் ‘பாதி’ என்று போட்டு. இது ஏமாற்று என்று ஒரு தோழி சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நனைந்த மலையில் பாதியில் திரும்புவதற்கு, வெயில் நாளில் உச்சிக்குப் போவதைவிட அதிக மனக்கட்டுப்பாடு வேண்டும்.

நேரமும் முக்கியம். ஐப்பசி இடிமழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் கட்டிக்கொண்டு வரும். விடிந்ததும் ஏறி 9 மணிக்குள் இறங்கிவிட்டால் பல நாள் ஒரு சொட்டுகூட மேலே விழாது. அந்த நேரத்தில் மேலிருந்து பார்க்க வேண்டும். கும்பப்பூ நெல் நடவு முடிந்த வயல், நிறைந்த குளங்கள், அதுக்கு அப்புறம் கடல். சித்திரை, வைகாசியில் இந்தப் பச்சை கிடையாது.

மலை வேண்டவே வேண்டாம் என்கிற நாட்களில் சிதறால் போவேன். 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இருக்கிற இடம். மேலே வரைக்கும் கல் பாவிய பாதை, குடையோடு நிதானமாக நடக்கலாம். அதுவும் முடியாவிட்டால் வீட்டு மாடிப்படி, அரை மணி நேரம்.

வந்ததும் ஷூவைக் கவனிக்க வேண்டும். உள்தட்டை வெளியே எடுத்துவிட்டு, பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே விரல் முனை வரைக்கும் திணிப்பேன். 2 மணி நேரத்தில் அந்தப் பேப்பர் நைந்து கனத்துப் போயிருக்கும். அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். மறுநாள் ஷூ ஈரமாக இருப்பதால் நடையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

இடி முழங்கும்போது உச்சியில் நின்று போட்டோ போடுகிற தம்பிமாரிடம் ஒன்று சொல்கிறேன். திறந்த பாறை உச்சிதான் மின்னலுக்கு முதல் இடம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அன்று நம்ம ரப்பர் தோட்டங்களில் மரம் முறிந்து விழுந்ததை எல்லோரும் பார்த்தோம். சிவப்பு எச்சரிக்கை வந்தால் அடிவாரத்துக்குக்கூடப் போக வேண்டாம். அன்றைக்கு மாடிப்படி போதும், அதையும் நோட்டில் எழுதுங்கள்.

இப்போது என் நோட்டில் 35. அதில் 3 ‘பாதி’. நாளைக் காலை ஐந்தரைக்கு மலை அடிவாரத்தில், பொற்றையடியில் இருப்பேன். வருகிறவர்கள் குடை எடுத்துக்கொள்ளுங்கள்.