அது ஜான் பாடிய பாட்டுதான்

பீட்டில்ஸ் இசைக்குழுவின் ‘நவ் அண்ட் தென்’ பாட்டைப் பற்றி ஒருவர் மேடையில் பேசிய அந்தத் துண்டுக் காணொளியை நேற்று காலையிலிருந்து எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். முழு உரையையும் தேடிக் கேட்டுவிட்டேன். பேசியவர் யாரென்று உங்களுக்குத் தெரியும், பெயரை நான் எழுதப் போவதில்லை. மேற்கத்திய இசை பற்றி அவர் எழுதியதைப் படித்து வளர்ந்தவன் நான். அதனால்தான் தாங்க முடியவில்லை. "ரெண்டு கிழவர்கள் சேர்ந்து செத்துப்போனவரைக் கம்ப்யூட்டர்ல எழுப்பிப் பாட வச்சாங்க, அதுக்குக் கிராமி வேற குடுத்தாங்க" என்கிறார். அரங்கமே சிரிக்கிறது. கை தட்டுகிறது.

யாரும் யாரையும் பாட வைக்கவில்லை. அந்தக் குழுவின் ஜான் லெனன் பாடினார். உயிரோடு இருந்தபோது, தன் வீட்டில், தன் பியானோ முன்னால் உட்கார்ந்து, தானே பாடினார்.

1970-களின் பிற்பகுதி அது. நியூயார்க்கில் டகோட்டா கட்டடத்தில் அவர் குடியிருந்த காலம். சாதாரண கேசட் ரெக்கார்டரில் பதிந்து வைத்த, முழுதாக முடியாத பாட்டுதான் ‘நவ் அண்ட் தென்’. 1980 டிசம்பர் 8 அன்று அதே கட்டடத்தின் வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994-இல் அவர் மனைவி யோகோ ஓனோ அந்தப் பதிவுகளை பால் மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். குழுவில் மிச்சமிருந்த பால், ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் மூவரும் இசைத் தயாரிப்பாளர் ஜெஃப் லின்னோடு உட்கார்ந்து ‘ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்’, ‘ரியல் லவ்’ இரண்டையும் முடித்து வெளியிட்டார்கள். இதையும் எடுத்தார்கள், முடியவில்லை. பதிவு முழுக்க மின்சார இரைச்சல். அதைவிடப் பெரிய தொல்லை, குரலும் பியானோவும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பியானோவைக் குறைத்தால் குரலும் கூடவே குறையும். விட்டுவிட்டார்கள். 2001-இல் ஜார்ஜும் போய்ச் சேர்ந்தார்.

பிறகு சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சன் வந்தார். பீட்டில்ஸின் 1969 ஜனவரி ஒத்திகைப் பதிவுகளை வைத்து ‘கெட் பேக்’ ஆவணத் தொடரை எடுத்தபோது (2021-இல் வந்தது), ஒரே தடத்தில் கலந்து கிடந்த பேச்சையும் கிட்டாரையும் டிரம்ஸையும் தனித்தனியாகப் பிரிக்க அவருடைய குழு ஒரு மென்பொருளை உருவாக்கியது. எது மனிதக் குரல், எது கிட்டார் என்று அதற்குப் பழக்கினார்கள். அதே கருவியை ஜானின் பதிவின் மேல் ஓட்டினார்கள். குரல் தனியாக வந்தது. அவ்வளவுதான் நடந்தது. அரிசியில் கல் பொறுக்கினால் அது செயற்கை அரிசி ஆகிவிடுமா?

அந்தக் குரலோடு 1995-இல் ஜார்ஜ் வாசித்துப் பதிந்து வைத்த கிட்டார் சேர்ந்தது. ரிங்கோ புதிதாக டிரம்ஸ் வாசித்தார். பால் பேஸ் கிட்டார் வாசித்து, கூடப் பாடி, ஜார்ஜின் பாணியிலேயே ஒரு ஸ்லைடு கிட்டார் துண்டையும் அவர் நினைவாக வாசித்தார். 2023 நவம்பர் 2 அன்று பாட்டு வந்தபோது பாலுக்கு 81 வயது, ரிங்கோவுக்கு 83. ஆமாம், கிழவர்கள்தான். அந்த வயதில் இரண்டு பேர் உட்கார்ந்து கூட்டாளி பாதியில் விட்டுப்போனதை முடித்திருக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நிஜமாகவே கேட்கிறேன்.

"பாலே ஏஐ என்று சொன்னாரே" என்று வருவீர்கள். சொன்னார். 2023 ஜூனில் பிபிசி வானொலிப் பேட்டியில் சொன்னார். உலகமெல்லாம் தலைப்புச் செய்தி ஆனதும், எதையும் செயற்கையாக உருவாக்கவில்லை, எல்லாம் உண்மையானது, நாங்களே வாசித்தது என்று அதே மாதம் விளக்கமும் கொடுத்தார். முதல் செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்தீர்கள்?

நம் ஊரில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். காரணமும் தெரியும். ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் ஏஐ மூலம் கொண்டுவந்தார், குடும்பங்களின் அனுமதியோடு. அதே 2024-இல் ‘கோட்’ படத்தில் யுவன் தன் அக்கா பவதாரிணியின் குரலை அப்படிக் கொண்டுவந்தார். நான் அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. பவதாரிணி குரல் வந்த இடத்தில் எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அந்தப் பாட்டுகளை அவர்கள் பாடியதே இல்லை. வேறொருவர் பாடியதன் மேல் அவர்களுடைய குரலின் சாயலை ஏற்றினார்கள். ‘நவ் அண்ட் தென்’ அப்படி இல்லை. அது ஜான் பாடியது. இசை தெரிந்தவர், மைக் பிடித்து ஒரு கூட்டத்துக்கு முன்னால் பேசுகிறவர், இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டாமா?

பின்னணிக் குரல்களைப் பழைய பாட்டுகளிலிருந்து எடுத்து ஒட்டினார்கள் என்கிறார்கள். எடுத்தார்கள்தான். ‘எலினார் ரிக்பி’, ‘பிகாஸ்’, ‘ஹியர், தேர் அண்ட் எவ்ரிவேர்’ மூன்றிலிருந்தும். அவையும் அவர்களுடைய குரல்கள்தானே. இதில் எனக்கு எந்தச் சிக்கலும் தெரியவில்லை. ஜானின் மூலப் பதிவில் இருந்த இடைப்பகுதி ஒன்றைப் பால் எடுத்துவிட்டார், அதில் எனக்கும் வருத்தம் உண்டு. அதைப் பற்றி யாராவது பேசினால் மணிக்கணக்கில் பேசத் தயார். அந்த மேடையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"ஜார்ஜுக்கே இந்தப் பாட்டு பிடிக்கவில்லையே?" இந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் உலுக்கும். 1995-இல் அவர்தான் வேண்டாம் என்றார். ஆனால் அவர் மனைவி ஒலிவியா தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: பதிவின் கோளாறைச் சரிசெய்ய முடியாது என்றுதான் ஜார்ஜ் விலகினார், இன்று இருந்திருந்தால் முழு மனதோடு சேர்ந்திருப்பார் என்று. ஜார்ஜைப் பற்றி ஒலிவியாவைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

காசுக்காகச் செய்தார்களாம். பால் மெக்கார்ட்னிக்கு! இதற்கு மேல் இதற்குப் பதில் இல்லை.

இன்னொன்று எப்போதும் வரும். "இளையராஜா இருக்கும் ஊரில் உனக்கு எதற்கு வெள்ளைக்காரன் பாட்டு?" எத்தனையோ வருடமாகக் கேட்டுவிட்டேன். எனக்கு ராஜாவும் வேண்டும், ஜானும் வேண்டும். எங்கள் தெருவில் முதன்முதலில் பீட்டில்ஸ் ஒலித்தது எங்கள் வீட்டில்தான், அப்பா தம்மாமிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரில்.

அந்த டேப் ரெக்கார்டரைப் பற்றிச் சொன்னால்தான் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று புரியும். வளைகுடாவுக்கு ஆள் போன வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அப்போதெல்லாம் கடிதத்தோடு கேசட்டும் போகும். ஊரிலிருந்து யாராவது சவூதி கிளம்பினால் முந்தின ராத்திரி அம்மா பேசிப் பதிவார். "என்னங்க, இங்க எல்லாரும் சொகமா இருக்கோம், நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று தொடங்கும். பின்னால் மின்விசிறி சத்தம், நாங்கள் சண்டை போடும் சத்தம், பாட்டியின் இருமல். அப்பா அந்தக் கேசட்டுகளை எல்லாம் திரும்பக் கொண்டுவந்து இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார்.

அம்மா இறந்த பிறகு அவற்றைப் போட்டுப் பார்த்தோம். ஒரே இரைச்சல். மின்விசிறியும் டேப்பின் கரகரப்பும் அம்மாவை மூடிவிட்டன. என் அக்கா மகன் லேப்டாப்பில், குரலைத் தனியாகப் பிரிக்கும் மென்பொருளைப் போட்டு ஒரு கேசட்டைச் சுத்தம் செய்தான். அம்மா பேசினார். மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அப்பா அதை எத்தனை தடவை கேட்டார் என்று கணக்கில்லை. திவசத்தன்று எல்லோர் முன்னாலும் அதைப் போட்டோம். முடிந்ததும் சித்தப்பா சொன்னார், "இது அண்ணி குரலே இல்லப்பா, இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல என்ன வேணா பண்ணிர்றானுங்க."

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பதிவைக் கேட்கவே இல்லை. நாங்கள் கேட்கச் சொன்னாலும் வேண்டாம் என்கிறார். ஒரு சொல் அவரிடமிருந்து எதைப் பிடுங்கியது என்று சித்தப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

நேற்று அந்த அரங்கம் சிரித்தபோது எனக்குச் சித்தப்பா குரல்தான் கேட்டது.

பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். சோர்வாக இருக்கிறது, அவர்களுடைய பழைய பாட்டுகளின் பக்கத்தில் நிற்கவில்லை என்று சொல்லுங்கள். பிரிட்டனில் 54 வருடத்துக்குப் பிறகு முதலிடம் வந்ததால் மட்டும் அது நல்ல பாட்டு என்று நான் வாதாடவே மாட்டேன். ஆனால் அவர் பாடவில்லை, பாட வைத்தார்கள் என்று சொல்வது பாட்டைப் பற்றிய கருத்து இல்லை. ஒரு மனிதன் செய்ததை அவன் செய்யவில்லை என்பது அது. மறுத்துப் பேச அவனும் இல்லை. 2025-இல் அந்தக் கிராமியை வாங்க மேடையேறியது ஜானின் மகன் ஷான். அப்பா இறந்தபோது அவனுக்கு 5 வயது. அந்தப் பிள்ளையின் முன்னால் போய் "இது உன் அப்பா குரல் இல்லை" என்று சொல்ல முடியுமா உங்களால்? மேடையில் சுலபமாகச் சொல்லிவிட்டீர்களே ஐயா.

சித்தப்பா இந்தப் பதிவைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். வீட்டில் யாரும் அவரிடம் இதைச் சொன்னதில்லை, நான் சொல்கிறேன்: அது அம்மா குரல்தான் சித்தப்பா. பெட்டியில் மிச்சமிருக்கும் கேசட்டுகளையும் இந்த மாதம் சுத்தம் செய்யப் போகிறோம். அப்பா கேட்பாரா என்று தெரியவில்லை. அடுத்த திவசத்துக்கும் போடுவோம்.