"அஞ்சு வருசத்துல உங்க வேலை போயிருமுங்க!"

போன வாரம் பெருந்துறையில் ஒரு சீர். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த ஒறம்பரை ஒருத்தர் ரசத்துக்குக் கை காட்டிக்கொண்டே கேட்டார்: "இன்னும் எக்ஸ்ரேதான் எடுத்துட்டு இருக்கீங்களா? அஞ்சு வருசத்துல எல்லாம் ஏஐ பாத்துக்குமுங்க. வேற ஏதாவது பாருங்க."

எனக்குச் சோறு இறங்கவில்லை. கொரோனாவுக்கு முன்னால் ஒரு கல்யாணத்திலும் இதே மனுசன் இதையேதான் சொன்னார். அன்றைக்கும் அஞ்சு வருசம், இன்றைக்கும் அஞ்சு வருசம். நடுவில் கொரோனா வந்து, கவச உடைக்குள் வேர்த்து ஒழுக ராத்திரி பகலாக நெஞ்சு சிடி ஸ்கேன் எடுத்தவர்கள் நாங்கள்.

என்னைச் சொன்னதுகூடப் பரவாயில்லை. எதிர் வரிசையில் என் தங்கச்சி மகள் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாவது முடித்து, ரேடியாலஜி படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த பிள்ளை. "அம்மிணி, அதெல்லாம் படிக்காதே, செத்துப்போன படிப்பு" என்று அவளிடமும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரியே போன்: "மாமா, நான் பிபிஏ போயிடறேன்."

எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஒரு பிள்ளை ரெண்டு வருசமாக ஆசைப்பட்டதை ஒரு பந்தி முடிவதற்குள் உடைத்துப் போட இவர் யார்?

இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். 2016இல் ஏஐ ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஹின்டன் ஒரு மேடையில், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் கதிரியக்க மருத்துவர்களை உருவாக்குவதை இப்போதே நிறுத்த வேண்டும், அஞ்சு வருசத்தில் கம்ப்யூட்டர் அவர்களைவிட நன்றாகப் படம் பார்க்கும், பத்து வருசம்கூட ஆகலாம் என்றார். சாதாரண ஆள் இல்லை. 2024இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். 2021 வந்தது, போனது. ஸ்கேன் சென்டர் வாசலில் கூட்டம் குறையவே இல்லை. அப்போது அளவுக்கு மீறிப் பொதுவாகப் பேசிவிட்டதாக அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஆனால் முதலில் சொன்னது மட்டும் ஊர் ஊராகச் சுற்றி வந்து எங்கள் வீட்டுப் பிள்ளை தலையில் விழுகிறது. திருத்திச் சொன்னதை எந்த வாட்ஸப் குரூப்பிலும் நான் பார்க்கவில்லை.

அந்தத் தொழில்நுட்பமே பொய் என்று நான் சொல்லவில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய் இருக்குமா என்று பார்க்க இப்படிப்பட்ட மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. நல்ல விசயம். டாக்டர் இல்லாத ஊருக்கு அது பெரிய துணை.

ஆனால் படம் எடுக்கிற வேலை என்றால் என்ன என்று ஒரு நாள் வந்து பாருங்கள். போன மாசம் தேங்காய் போடுகிற ஆள் ஒருத்தரை மரத்திலிருந்து விழுந்த நிலையில் கொண்டுவந்தார்கள். வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிக் கிடக்கிறது. கையைத் தூக்கச் சொன்னால் அலறுகிறார். கையைத் தொடாமல் உடம்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, அடிபட்ட தோளைப் பிளேட்டோடு ஒட்டி நிறுத்தி, "அண்ணா, மூச்சப் புடிச்சுக்குங்க, ரெண்டே நொடி" என்று சொல்லி எடுத்த படம் அது. எலும்பு எந்தப் பக்கம் நழுவியிருக்கிறது என்று அதில்தான் தெரிந்தது. அவர் சட்டையைக் கத்தரித்துக் கழற்றியது நான். பயத்தில் என் முழங்கையைப் பிடித்தவர் கடைசி வரை விடவே இல்லை. இந்த வேலைக்குத்தான் அஞ்சு வருசம் கெடு வைக்கிறார்கள்!

இது என் ஒருத்தன் பிரச்சினையும் இல்லை. பல்லடத்தில் தறிக்குடோன் வைத்திருக்கும் என் மச்சான், கூரையில் சோலார் போடுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். "சூரியனையே செஞ்சுட்டாங்களாம் மாப்ள, இனிக் கரண்டு சும்மா கெடைக்கும்" என்று யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். நடந்தது என்ன? 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில், லேசர் கொடுத்த 2.05 மெகாஜூல் ஆற்றலுக்கு, சூரியனுக்குள் நடப்பதுபோல அணுக்கருக்களைச் சேர்க்கும் அணுக்கரு இணைவில் 3.15 மெகாஜூல் கிடைத்தது. பெரிய சாதனைதான். ஆனால் அந்த லேசர்களை ஓட்ட இழுத்த மின்சாரம் சுமார் 300 மெகாஜூல். இந்த ஒரு வரியை வீடியோவில் சொல்லியிருந்தால் மச்சான் மாசாமாசம் அந்தக் கரண்டு பில்லைக் கட்டிக்கொண்டு காத்திருந்திருக்க மாட்டார்.

தேதி போட்டுப் பேசுகிறவர்கள் அவிநாசிப் பக்கம் வந்து கேட்கட்டும். பவானி ஆற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றிக் குழாயில் குளத்துக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. மோட்டாரும் பம்பும் நம் கோயம்புத்தூரிலேயே செய்கிறோம். அதற்கே அறுபது வருசம் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்டில்தான் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் ஓட ஆரம்பித்தது. கேட்ட பெரியவர்களில் எத்தனையோ பேர் தண்ணீரைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள். தெரிந்த வேலைக்கே இவ்வளவு காலம் என்றால், இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டாத ஒன்றுக்கு எந்த தைரியத்தில் வருசக் கணக்குச் சொல்கிறீர்கள்?

வரப்போவதைப் பேச வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோயம்புத்தூரில் மோட்டார் செய்தபோது அதுவும் வருங்காலம்தான். தங்கள் காசைப் போட்டு, தாங்களே பட்டறையில் நின்று செய்தார்கள். இங்கே பேசுகிறவர்களுக்குப் போட்டதும் இல்லை, சொன்னது தப்பினால் போவதும் இல்லை. போவதெல்லாம் அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு.

வெள்ளிக்கிழமை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். காலையிலேயே தங்கச்சி வீட்டுக்குப் போய், பிள்ளையை வண்டியில் உட்காரவைத்து எங்கள் ஸ்கேன் சென்டருக்குக் கூட்டி வருகிறேன். ஒரு நாள் முழுக்க எங்களோடு நின்று பார்க்கட்டும். அப்புறமும் பிபிஏதான் என்றால் சரி, நானே பணம் கட்டுகிறேன்.