சார், நாங்க ஒண்ணுமே பண்ணல

கிண்டி எஸ்டேட் பக்கம் ஒரு டீக்கடை. ஆயுத பூஜை முடிஞ்சு பத்து நாள் இருக்கும், மழை பெய்யலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கு. ஜெராக்ஸ் மெஷின், பிரிண்டர் எல்லாம் சர்வீஸ் பண்ற தம்பி தோள்ல பேக்கோட வந்து பெஞ்சுல தொப்புன்னு உக்கார்றான்.

அண்ணன்: என்ன தம்பி, கரி மண்டி வச்சிட்டியா? மூக்கு நுனியெல்லாம் கருப்பா கெடக்கு.

தம்பி: டோனர்ண்ணே. திறந்தேன், தும்மல் வந்திருச்சு, அவ்ளோதான்.

அண்ணன்: இந்தா பாய்லர்ல சுடுதண்ணி இருக்கு, கழுவிக்க.

தம்பி: ஐயோ சுடுதண்ணி வேணாம்ணே! இது மை இல்ல, பிளாஸ்டிக் பொடி. மெஷினுக்குள்ள 180, 200 டிகிரி சூட்டுல உருகித்தான் பேப்பர்ல ஒட்டுது, நீங்க சுடச்சுட ஊத்துனா மூஞ்சியிலயே நிரந்தரமா பிரிண்ட் ஆயிரும். பச்சத்தண்ணி குடுங்க. போன வருஷம் இத வீட்டுல சொல்லாம விட்டுட்டேன், என் கல்யாண சட்டைய ஊற வச்சாங்க பாருங்க வெந்நீர்ல... இப்போ அதான் பைக் துடைக்கிற துணி.

அண்ணன்: சரி சரி, டீயக் குடி, பாவம், காசு வேணாம் இன்னைக்கு. எனக்கும் நாள் சரியில்ல, கடை லோனுக்கு சொசைட்டியில எழுதிப் போட்டேன், ஆதார் ஜெராக்ஸ்ல மூஞ்சியே தெரியலன்னு ரெண்டு தடவ திருப்பிட்டான். ஆதார்ல யாருக்குத்தான்யா மூஞ்சி தெரியும்னு கேட்டேன், அதுக்கும் கோவப்படுறான்.

தம்பி: ஓசி ஜெராக்ஸா?

அண்ணன்: டீ குடுக்கப் போற எடத்துல எடுத்துக்குறதுதான். அத விடு, காலையில எங்க போன?

தம்பி: தாம்பரம். மெஷின் சுத்தமா செத்துருச்சு, உடனே வாங்கன்னு நாலு போன். அடிச்சுப் பிடிச்சு மழைக்கோட்டு மாட்டி போய் நிக்கிறேன், கிளார்க் பட்டன அமுக்குறாரு, சல்சல்லுன்னு அம்பது காப்பி வருது. "இவ்ளோ நேரம் வரலியே சார்"னு என்னையப் பாக்குறாரு, நான் ஏதோ வாசல்லயே நின்னு மந்திரம் போட்ட மாதிரி. சரி, வந்ததுக்கு சர்வீஸ் ரிப்போர்ட்ல ஒரு கையெழுத்து போடுங்கன்னா, "நீங்கதான் ஒண்ணும் பண்ணலியே"ங்குறாரு!

அண்ணன்: நியாயம்தானே?

தம்பி: என்னண்ணே நியாயம்? டாக்டர் கிட்ட போய் காய்ச்சல் இறங்கிருச்சுன்னா பீஸ் குடுக்க மாட்டீங்களா?

அண்ணன்: நான் வாசல்லயே திரும்பிருவேன்.

தம்பி: நல்லா வாழ்வீங்க. அப்புறம் கிளம்புற நேரத்துல ட்ரேயத் திறந்து பாத்தேன். மழைக் காத்துல ரெண்டு வாரமா பிரிச்சுப் போட்ட பேப்பர் கட்டு, அப்பளம் மாதிரி நமத்துப் போய் ஓரமெல்லாம் சுருண்டு கெடக்கு. காலையில ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஜாம் ஆயிருக்கு, வெயில் வந்ததும் சரியாயிருச்சு. "மெஷின்ல கோளாறு இல்ல சார், பேப்பர் ஈரம்"னு சொன்னா, "நாங்க ஒண்ணுமே பண்ணல சார், தானா ஆச்சு"ங்குறாரு. இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எனக்கு தலைக்கு ஒரு ரூபா குடுத்திருந்தா நான் இந்நேரம் ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு கடை வாங்கிருப்பேன்.

அண்ணன்: உண்மையிலயே ஒண்ணும் பண்ணாம இருந்தா?

தம்பி: அண்ணே, பின்னு உள்ள போயிருக்கும், அத மெஷினே எந்திரிச்சுப் போய் முழுங்கிச்சா? இன்னொரு எடத்துல ஒரு பக்கம் அடிச்ச பழைய தாளு எல்லாம் சேத்து வச்சு மறுபக்கம் அடிப்பாங்க, சிக்கனமாம். நல்ல பழக்கம்தான், பின்ன எடுத்துட்டு போடணும்ல? ஒரு தாள்ல மிச்சம் அம்பது அறுபது காசு, உள்ள படத்த வாங்கித் தாள்ல பதிக்கிற உருளை, ட்ரம்முன்னு சொல்வோம், அதுல பின்னு ஒரு கோடு இழுத்துட்டா ஆயிரக்கணக்குல செலவு. அதச் சொன்னா, "போன தடவ நீங்க தொட்டதுல இருந்துதான் சார் இப்படி"ங்குறாங்க.

அண்ணன்: எனக்கும் அப்படித்தான், வடையில முடி இருந்தா மாஸ்டர் முடி, அவங்க தலை முடி கொட்டவே கொட்டாது.

தம்பி: வடைன்னதும் ஞாபகம் வருது! ஒரு எடத்துல பேப்பர் வெளிய வர்ற வழியில பொட்டலம் வைக்கிறாங்கண்ணே. சூடா இருக்காம், மத்தியானம் வரைக்கும் ஆறாதாம். எண்ணெய் எறங்கி ரோலர் பூரா பளபளன்னு... 1959ல 914னு ஒரு மெஷின் வந்துச்சாம், ஆபீஸ்ல வைக்கிற மாதிரி ஜெராக்ஸ் மெஷின்னா அதுல இருந்துதான் ஆரம்பம், உள்ள பேப்பர் சிக்குனா தீப்பிடிக்கும்னு கூடவே ஒரு தீயணைக்கிற சிலிண்டரும் குடுத்தாங்கன்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க. அந்த சிலிண்டர் இப்போ இருந்தா நல்லாருக்கும்.

அண்ணன்: வடைக்கா?

தம்பி: எனக்குண்ணே. மண்டை எரியுது. இதெல்லாம் கூட பரவால்ல, இந்த ஆயுத பூஜை இருக்கே...

அண்ணன்: ஏய், பூஜையப் பத்தி தப்பா பேசாத.

தம்பி: பூஜை பண்ணட்டும்ணே, மூடி மேல பண்ணட்டும். மூடியத் திறந்து கண்ணாடி மேல சந்தனம் வச்சு அது மேல நாலணா சைசுல குங்குமம். அடுத்த வேலை நாள் போன், "எல்லா காப்பியிலயும் கருப்பா புள்ளி வருது, ட்ரம் போச்சு, வாரண்டியில மாத்துங்க." நான் போய்ப் பாத்தேன். ட்ரம்ல அடின்னா ஒரே தாள்ல இத்தன இஞ்சுக்கு ஒரு தடவன்னு திரும்பத் திரும்ப வரும். இது ஒரே எடத்துல ஒரே புள்ளி, அப்போ கண்ணாடிதான். மூடி மேல தாளக் கட்டா வச்சா மெஷினே ஒண்ணொண்ணா இழுத்துக்கும்ல, அந்த வழியிலயும் ஒரு துளி சிந்தியிருக்கு, அந்த வழியாப் போட்டா மேல இருந்து கீழ வரைக்கும் நாமம் மாதிரி கோடு.

அண்ணன்: துடைச்சு விட வேண்டியதுதானே?

தம்பி: துணிய எடுத்தேன், அக்கவுண்ட்ஸ் மேடம் ஓடி வர்றாங்க. "தம்பி, வெள்ளிக்கிழமை அதுவுமா பொட்ட அழிக்கிறியா?" திங்கள் போனேன், மேடம் லீவு, அவங்க இல்லாம தொடக்கூடாதாம். செவ்வாய் போனேன், செவ்வாய்ன்னுட்டாங்க. நேத்துதான் விட்டாங்க. அதுவரைக்கும் கொட்டேஷன், பில்லு எல்லாம் பொட்டோட மங்களகரமா ஊர் பூரா போயிருக்கு. அதுலயும் கண்ணாடியில அம்புக்குறி போட்ட மூலை இருக்குல்ல, கார்டு வச்சா எல்லாரும் அங்கதான் வைப்பாங்க, கரெக்டா அங்க வச்சிருக்காங்கண்ணே பொட்ட!

அண்ணன்: (கிளாஸக் கழுவுறத நிறுத்திட்டு) எந்த ஆபீஸ் இது?

தம்பி: பின்னாடி தெருதான், மூணாவது மாடி. நீங்க கூட பதினொரு மணிக்கு பிளாஸ்க் குடுத்து விடுவீங்களே.

அண்ணன் ஒண்ணும் பேசல. பிஸ்கட் பாட்டிலுக்கு அடியில இருந்து நாலா மடிச்ச ஒரு தாள எடுத்துப் பிரிச்சு பெஞ்சு மேல வச்சாரு. பேரு இருக்கு, நம்பர் இருக்கு, மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல வட்டமா கருப்பு.

தம்பி: (தாளத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சு, கண்ணச் சுருக்கி) ஒரே புள்ளிதான்ணே. ட்ரம் நல்லாத்தான் இருக்கு.

அண்ணன்: டீ பதினஞ்சு ரூபா. எடுத்து வை.