பவுலின் கூடாரத் தொழிலும் வளாக ஊழியர் ஆதரவும்

அப்போஸ்தலனாகிய பவுல் கூடாரம் செய்து பிழைத்தார், யாரிடமும் பணம் வாங்கவில்லை என்கிறார் ஒரு சகோதரர். ஆகவே வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழக வளாகங்களில் மாணவர் மத்தியில் கிறிஸ்தவ ஊழியம் செய்கிறவர்கள் மாதாந்தப் பண ஆதரவு கேட்பது வேதத்துக்கு விரோதம் என்றும் எழுதியிருக்கிறார்.

கூடாரத் தொழில் உண்மைதான், அப்போஸ்தலர் 18:3. இடம் கொரிந்து. ஆனால் அதே கொரிந்தியருக்குப் பிறகு அவர் எழுதியதையும் பாருங்கள், 2 கொரிந்தியர் 11:8-9. உங்களுக்கு ஊழியம் செய்ய மற்றச் சபைகளிடம் சம்பளம் பெற்றேன், என் குறைவை மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர் நிறைவாக்கினார்கள் என்கிறார். அதாவது கொரிந்தியரிடம் வாங்கவில்லை, ஆனால் மற்றச் சபைகளிடம் வாங்கினார். தெசலோனிக்கேயில் இருந்தபோதும் பிலிப்பி சபை ஒரு தடவைக்கு மேல் அனுப்பியது (பிலிப்பியர் 4:15-16). வாங்கினார் சரி, கேட்டாரா என்றால் தீத்து 3:13: தனக்காக அல்ல, சேனா, அப்பொல்லோ என்ற வேறு இருவர் ஒரு குறைவுமில்லாமல் பயணப்பட உதவும்படி தீத்துவிடம் சொல்கிறார்.

வீட்டிலுள்ள வேதாகமத்தில் இந்த நான்கு பகுதிகளையும் இதே வரிசையில் வாசித்தால் போதும், விளக்கவுரை தேவையில்லை. 18:3 இல் நிறுத்திவிடுவதால்தான் இந்தக் குழப்பம்.

கணக்கு விஷயத்தில் சந்தேகமென்றால் அது வேறு கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. பற்றுச்சீட்டும் கணக்கறிக்கையும் தாராளமாகக் கேளுங்கள். காணிக்கைப் பணத்தில் குற்றச்சாட்டு வரக்கூடாதென்று பவுலே வேறு ஆட்களையும் சேர்த்துத்தான் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18-21).