ஐந்து நிமிட அட்டை என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

போன நத்தாருக்கு மொன்றியலில் இருக்கும் அக்காவின் மகளுக்கு அசையும் வாழ்த்து அட்டை ஒன்று செய்து அனுப்பினேன். அவளுக்கு ஆறு வயது. கருநீல வானம், வலது பக்கம் பஞ்சு ஒட்டிய மலை, இடது பக்கம் பாலன் இயேசு கிடக்கும் கொட்டில். இடது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காகித நாக்கைப் பிடித்து இழுத்தால், மலைக்குப் பின்னாலிருந்து மூன்று ஒட்டகங்கள் வரிசையாக வந்து கொட்டில் வாசலில் நிற்க வேண்டும். வேலை முடிந்து வந்து, சமையலறை மேசையில் மூன்று இரவுகள் உட்கார்ந்து செய்தேன்.

உறை போய்ச் சேர்ந்ததும் அக்கா வீடியோவில் அழைத்தாள். பிள்ளை ஆசையோடு நாக்கை இழுத்தாள். நாக்கோடு சேர்ந்து உள்ளே ஓடும் காகிதப் பட்டை முழுவதும் சரேலென்று கையோடு வந்துவிட்டது. ஒட்டகங்கள் அட்டை ஓரத்துப் பிளவில் சிக்கி, கால்கள் ஒட்டியிருந்த இடத்தில் பிய்ந்து உள்ளே விழுந்தன. "சித்தி, நான் உடைத்துவிட்டேனா?" என்று கேட்டாள். உதடு துடித்தது. அந்த முகத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அவள் எதையும் உடைக்கவில்லை. உடைந்தே தீரும்படி எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "ஐந்து நிமிடத்தில் அசையும் அட்டை, குழந்தைகளே செய்யலாம்" என்று தலைப்புப் போட்ட காணொளி அது. பின்னணியில் மணியோசை, வேகமாக ஓட்டிய கைகள், கத்தரிக்கோல் ஒரு வெட்டு, பசை ஒரு கோடு, உடனே முடிந்த அட்டை. இடையில் என்ன நடந்தது? அளவு எங்கே? பட்டை எவ்வளவு அகலம், அது ஓடும் தாள் வளையம் எவ்வளவு அகலம்? ஒன்றும் இல்லை. அளவு வேண்டுமென்றால் பணம் கட்டி வாங்கு என்று கடைசியில் ஓர் இணைப்பு. கட்டி வாங்கினேன். அதிலும் இல்லை!

இல்லாமல் போனது ஒரேயொரு சின்னத் துண்டு. இழுபடும் பட்டையின் உள்முனையில், அது ஓடும் வளையத்தைவிட அகலமான ஒரு குறுக்குத் துண்டை ஒட்ட வேண்டும். இழுக்கும்போது அந்தத் துண்டு வளையத்தில் தட்டி நிற்கும். பட்டை அதற்கு மேல் வராது. இரண்டு சென்டிமீட்டர் அட்டையும் ஒரு சொட்டுப் பசையும் போதும். கமெராவுக்கு முன்னால் இழுப்பவருக்கு எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியும், அதனால் அவருக்கு அது தேவையில்லை. ஆறு வயதுப் பிள்ளை எந்த இடத்தில் நிறுத்துவாள்? வரும் வரைக்கும் இழுப்பாள். அவளுக்காகத்தானே அட்டை! கமெராவுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை அசைந்தால் போதும் என்று செய்கிற பொருளை, பிள்ளைகளுக்கு அனுப்பச் சொல்லிக் கொடுப்பது அநியாயம்.

தாளைப் பற்றியும் வாய் திறக்க மாட்டார்கள். "ஏதாவது கெட்டி அட்டை எடுத்துக்கொள்ளுங்கள்." ஏதாவது என்றால்? சதுர மீட்டருக்கு 80 கிராம் இருக்கும் அச்சுத் தாளில் பட்டை வெட்டினால் இரண்டாம் இழுப்பில் துவண்டுவிடும். 300 கிராம் அட்டையில் வெட்டினாலும், இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் வெட்டினால் அதே கதைதான். தாளுக்கும் மரத்தைப் போல இழை உண்டு. அட்டையை நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்த வளைவில் கை எதிர்ப்பில்லாமல் இணங்குகிறதோ, அந்த மடிப்புக் கோட்டோடுதான் இழை ஓடுகிறது. இழுக்கும் பட்டைக்கு இழை நீளவாக்கில் ஓட வேண்டும், அப்போதுதான் விறைப்பாக நிற்கும். அட்டையின் நடு மடிப்பும் இழையோடு போக வேண்டும். குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்து, நிறத் தாளின் வெள்ளை உட்புறம் தெரியும். இதைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்?

குளிர்காலத்தில் இன்னொரு தொல்லை. கனடாவின் ஸ்காபரோவில் டிசம்பர் மாதம் வீட்டுக்குள் நாள் முழுவதும் சூடாக்கி ஓடுகிறது. உள்காற்று காய்ந்து கிடக்கிறது. தாள் ஈரத்தைக் குடித்தால் விரியும், இழந்தால் சுருங்கும், அதுவும் இழைக்குக் குறுக்கேதான் அதிகம். அந்தக் காற்றில் காய்ந்த அட்டையில் ஒரு பக்கம் தண்ணீர்ப் பசையைத் தாராளமாகத் தடவினால் அது அப்பளம் போல வளைகிறது. வளைந்த அட்டைக்குள் எந்தப் பட்டை ஓடும்? பசையைக் கோடாக இடாமல் புள்ளி புள்ளியாக வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி ஓர் இரவு விட வேண்டும். ஓர் இரவு! ஐந்து நிமிடக் கணக்கில் அந்த இரவை எங்கே சேர்த்தார்கள்? பட்டைக்கும் வளையத்துக்கும் இடையே மொத்தம் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதையும் நான்கு அட்டைகளைப் பாழாக்கிய பிறகுதான் கண்டுகொண்டேன்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத இரகசியம் இல்லை. ஜெர்மனியின் மூனிக் நகரத்தில் லோதர் மெகன்டோர்ஃபர் என்றொரு ஓவியர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கரைத்துக் குடித்திருந்தார். 1878இல் தன் மகனுக்கு நத்தார் பரிசாகச் செய்த அசையும் படங்களில்தான் தொடங்கினார் என்பார்கள். ஒரே நாக்கை இழுத்தால் உருவத்தின் கையும் தலையும் கண்ணும் வேறு வேறு திசையில் அசையும். இரண்டு தாள்களுக்கு நடுவே காகித நெம்புகோல்கள், அவற்றின் மூட்டுகளில் மெல்லிய செம்புக் கம்பியை இறுகச் சுருட்டிச் செய்த குட்டி ஆணிகள். அவர் செய்த படங்களில் சில இன்றைக்கும் அசைகின்றன. பிள்ளையின் கை எப்படி இழுக்கும் என்பதை அந்த மனிதர் யோசித்திருக்கிறார்.

சரி, அட்டை சரியாகவே அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உறை? உறையைப் பற்றி ஒரு காணொளியிலும் பேச்சே கிடையாது! கனடாவில் சாதாரணக் கடிதக் கட்டணத்தில் போக வேண்டுமானால் தடிமன் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. காணொளிக்காரர்களோ பஞ்சு போன்ற தடித்த ஒட்டுநாடாவை, அந்த ஃபோம் டேப்பை, அடுக்கு மேல் அடுக்காக ஒட்டச் சொல்கிறார்கள். பொத்தான் வை, மணி கட்டு, கால் விரியும் பித்தளை ஆணி குத்து என்கிறார்கள். இரண்டு மில்லிமீட்டர் டேப் இரண்டு அடுக்கு, முன் அட்டை, பின் அட்டை, ஆணியின் தலை. எங்கே போய் நிற்கும்? கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவே போய் வரப்போகிற பொருள் என்ற நினைப்பே இல்லாமல் செய்யச் சொல்கிறார்கள்.

"இவ்வளவு பாடு எதற்கு, கடையில் ஒன்று வாங்கி அனுப்பலாமே" என்று சொல்பவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அந்தப் பிள்ளை என்னை வருடத்துக்கு ஒரு தடவைதான் நேரில் பார்க்கிறாள். நான் வெட்டி, நான் ஒட்டிய ஒட்டகம் அவள் விரல் பட்டு நடக்க வேண்டும் என்பது என் ஆசை. கடையில் அது கிடைக்காது.

காணொளி போடுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அளவைச் சொல்லுங்கள். எந்தத் தாள் என்று சொல்லுங்கள். காய எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். முடித்த அட்டையை உறையில் போட்டு, எடுத்து, ஒரு சின்னப் பிள்ளையின் கையில் கொடுத்து, இருபது தடவை இழுக்கவிட்டு அதைப் படம் பிடித்துக் காட்டுங்கள்.

இந்த வருட அட்டை இப்போது என் மேசையில் இருக்கிறது. உள்முனையில் குறுக்குத் துண்டு ஒட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுச் சிறுவனைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னேன். பலம் கொண்ட மட்டும் இழுத்தான், பட்டை கையோடு வரவில்லை. இரண்டு ஒட்டகங்கள் கொட்டில் வரைக்கும் ஒழுங்காகப் போகின்றன. மூன்றாவது இன்னும் மலையில் தட்டுகிறது. அதன் திமிலை ஒரு மில்லிமீட்டர் சீவ வேண்டும்.